கணக்கில் மனம் தோய்ந்த பிள்ளைக்கு ஏற்ற கல்லூரி எது?

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், கல்லூரி ஆசிரியர்களின் வீடுகளுக்கு ஒருவகை விருந்தினர் வரத் தொடங்குவர். கையில் மதிப்பெண் பட்டியலுடன் தந்தை முன்னே வருவார். கூச்சத்துடன் பிள்ளை பின்னே வருவான். சென்ற ஆண்டு என் வீட்டிற்கும் அப்படி ஒருவர் வந்தார். அவர் அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதுபவர்.

“சார், பையன் கணக்கிலே நூற்றுக்கு நூறு. மற்றதெல்லாம் சுமார்தான். எந்தக் காலேஜிலே சேர்த்தால் நல்லது?” என்று கேட்டார்.

நான் பையன் பக்கம் திரும்பினேன். “தம்பி, 1-உம் 3-உம் சேர்ந்தால் 4. 1, 3, 5 மூன்றும் சேர்ந்தால் 9. அதோடு 7-ஐயும் கூட்டினால் 16. என்ன தெரிகிறது?”

“எல்லாம் வர்க்க எண்கள், சார்.”

“எப்போதும் அப்படித்தான் வருமா? ஏன்?”

சூத்திரம் ஒன்றை ஒப்பிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ ஒரு தாளை வாங்கிப் புள்ளி வைக்கத் தொடங்கினான். முதலில் ஒரு புள்ளி. அதை அணைத்தாற்போல், ‘ட’ என்னும் எழுத்தின் வடிவில் மூன்று புள்ளிகள். இப்போது இரண்டுக்கு இரண்டாக ஒரு சதுரம். அதையும் அணைத்து இன்னொரு பெரிய ‘ட’. அதில் ஐந்து புள்ளிகள். மூன்றுக்கு மூன்று சதுரம். “ஒவ்வொரு ‘ட’விலும் முந்தியதைவிட இரண்டு புள்ளி கூட வருது சார். அதனாலே சதுரம் எப்பவும் உடையாது” என்றான். பிறகு, நான் கேட்காமலே, “அப்போ இரட்டை எண்களைக் கூட்டினால் என்ன உருவம் வரும் சார்?” என்று கேட்டான்.

வாசகர்களே, நூற்றுக்கு நூறு பெற்ற மாணவர் பலரை நான் கண்டிருக்கிறேன். நான் கேட்காத அடுத்த கேள்வியைத் தானே கேட்ட மாணவர்கள் மிகச் சிலரே. மதிப்பெண் வேறு, கணித மனம் வேறு. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். (இரட்டை எண்களுக்கு என்ன உருவம் வரும் என்பதை நீங்களும் புள்ளி வைத்துப் பாருங்கள்.)

இத்தகைய பிள்ளையை எங்கே அனுப்புவது? இக்கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் தமிழகத்தின் கடந்த 120 ஆண்டுக் கால வரலாற்றிலேயே அதற்குரிய பாடம் இருக்கிறது. அதை வரிசையாகக் காண்போம்.

கும்பகோணத்தில் மூடிய கதவு

1904-ஆம் ஆண்டு. கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்த ஒரு பதினாறு வயது இளைஞர், கணிதத்திற்கான பரிசையும் பெற்று, உதவித்தொகையுடன் அவ்வூர் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அவர் தந்தை ஒரு துணிக்கடையில் கணக்கர். மாத வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய். ஆகவே உதவித்தொகை இல்லாமல் படிப்பு இல்லை. அந்த இளைஞரே சீனிவாச இராமானுஜன்.

கல்லூரியில் சேர்வதற்கு முந்தின ஆண்டுதான் அவர் கைக்குக் கார் என்பவர் தொகுத்த ஒரு நூல் கிடைத்திருந்தது. இங்கிலாந்தில் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்துவந்த தனிப்பயிற்சி ஆசிரியர் அவர். ஏறத்தாழ 5000 கணித முடிவுகளை, பெரும்பாலும் நிறுவல் இல்லாமலே, வரிசையாக அடுக்கியிருந்தார். மற்றவர்க்கு அது ஒரு நினைவுக் குறிப்பு. இராமானுஜனுக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு புதிர். அவற்றைத் தாமே நிறுவிப் பார்ப்பதில் அவர் மூழ்கிவிட்டார்.

எப்.ஏ. வகுப்பில் கணிதம் மட்டுமா இருந்தது? ஆங்கிலம், வடமொழி, கிரேக்க-உரோம வரலாறு, உடலியல் ஆகிய அனைத்திலும் தேற வேண்டும் என்பது விதி. அவர் மற்றப் பாடங்களைக் கவனிக்கவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோனது. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தார். அங்கே சிங்காரவேலு முதலியார் என்ற கணிதப் பேராசிரியர் அவருடைய திறமையை உணர்ந்து, அவருடன் அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தார். ஆயினும் தேர்வு விதி தேர்வு விதிதான். உடலியலில் மிகக் குறைந்த மதிப்பெண். நோயும் வந்து சேர்ந்தது. 1907-இல் தனித்தேர்வராக எழுதியும் தேறவில்லை. இருபது வயதை எட்டும்போது, பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி அவர் எந்தப் பட்டத்துக்கும் தகுதியற்றவர்!

இக்கதையைச் சொல்லும்போது, “மேதைக்குக் கல்லூரி எதற்கு? இராமானுஜன் பரீட்சையில் தோற்றவர்தானே?” என்று பேசுவோர் உண்டு. அது பெருந்தவறு. கதவு மூடிய பின்னர் அவர் இழந்தவற்றை எண்ணிப் பாருங்கள். வேலை தேடியும், வீடுவீடாகச் சென்று மாணவர்க்குப் பாடம் சொல்லித்தர முயன்றும், வறுமையில் அவர் பல ஆண்டுகளைக் கழித்தார். ஐரோப்பாவில் ஏற்கெனவே கண்டறிந்திருந்த பலவற்றை, அவை கண்டறியப்பட்டவை என்றே தெரியாமல், தனியே மீண்டும் கண்டறிந்தார். அருகில் நல்ல நூலகமும் நவீன கணிதம் அறிந்த ஒருவரும் இருந்திருந்தால் அந்த உழைப்பெல்லாம் புதியவற்றிற்குச் சென்றிருக்கும் அல்லவா?

விதிகளில் இல்லாத உதவித்தொகை

கதவு மீண்டும் எப்படித் திறந்தது? மனிதர்களால் திறந்தது. இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவரான வி. இராமசாமி ஐயர் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தார். இராமானுஜன் தம் குறிப்பேட்டுடன் அவரைச் சென்று கண்டார். அவர் மூலமும், பழைய ஆசிரியர் சேஷு ஐயர் மூலமும் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து அவர் ஆதரித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் பயின்றவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அக்கறை கொண்டார்.

1913 ஜனவரி 16-ஆம் நாள் இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியது எல்லோரும் அறிந்த செய்தி. அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த ஒன்று அவ்வளவாக அறியப்படாதது. இந்திய வானிலைத் துறையின் தலைவரும், பருவமழை பற்றிய ஆய்வால் இயற்பியல் மாணவர்கள் அறிந்தவருமான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்திற்கு வந்திருந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவரே. இராமானுஜனின் குறிப்பேட்டைப் பார்த்ததும், இவர் சில ஆண்டுகளாவது பிழைப்புக் கவலையின்றிக் கணிதத்திலேயே ஈடுபட வழி செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.

பல்கலைக்கழகத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. பட்டமே இல்லாத ஒருவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்க விதிகளில் இடமில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தார் கோப்பை மூடிவிடவில்லை. சட்டத்தின் பொதுவான நோக்கத்தைச் சுட்டிக்காட்டி, ஆளுநரின் சிறப்பு ஒப்புதலைப் பெற்றனர். 1913 மே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இராமானுஜன் கப்பலேறினார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காகவே பட்டம் அளித்தது. 1918-இல் இராயல் கழக உறுப்பினர் ஆனார். 1920 ஏப்ரல் 26-இல், 32 வயதில், மறைந்தார்.

இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம் இது: ஒரு கணித மனத்தை இன்னொரு கணித மனமே இனங்காணும். இராமசாமி ஐயர், நாராயண ஐயர், வாக்கர், ஹார்டி ஆகிய அனைவருமே கணிதத்தில் ஊறியவர்கள். ஆனால் 1904-இல் எழுதப்படிக்கத் தெரிந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு அத்தகையவர்களிடம் சென்று சேர வழி எதுவும் வகுக்கப்படவில்லை. குறிப்பேட்டைக் கையில் ஏந்தி ஊர் ஊராக அலைந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

இலயோலாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்

இராமானுஜன் மறைந்து பதினேழு ஆண்டுகள் கழிந்தபின், 1937-இல், சார்லஸ் ரஸீன் என்ற பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி தமிழகத்துக்கு வந்தார். சிறிது காலம் திருச்சியில் இருந்துவிட்டு, சென்னை இலயோலா கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். பாரிசில் எலி கார்த்தான் போன்ற பெருங்கணித அறிஞர்களிடம் பயின்றவர் அவர். பிரான்சில் அப்போது கணிதத்தின் முகத்தையே மாற்றிக்கொண்டிருந்த இளைஞர் குழுவில் பலர் அவருக்கு அறிமுகமானவர்கள்.

அன்றைய சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டமோ, கேம்பிரிட்ஜ் கைவிட்டுக்கொண்டிருந்த பழைய முறையைப் பின்பற்றியது. கடினமான கணக்குகளைச் சாதுரியமாகப் போடுவதே அதில் பெரிது. ரஸீன் தேர்வுக்கு உதவும் குறிப்புகளை அழகாக எழுதித்தரும் ஆசிரியர் என்று பெயர் எடுக்கவில்லை. ஆனால், “இன்று உலகில் என்ன கணிதம் நடக்கிறது தெரியுமா? இந்த நூலைப் படித்துப் பார்” என்று வழிகாட்டும் ஆசிரியராக இருந்தார். அந்நாளில் கெட்டிக்கார மாணவன் என்றால் ஐ.ஏ.எஸ். தேர்வு எழுத வேண்டும் என்பது எழுதாத சட்டம். ரஸீனோ தம் சிறந்த மாணவர்களிடம் வேறொரு முகவரியைச் சொல்லி அனுப்பினார்.

அந்த முகவரி பம்பாய். ஹோமி பாபா 1945-இல் தோற்றுவித்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அப்போது ‘இந்தியாவின் நுழைவாயில்’ அருகே பழைய படகுக் கழகக் கட்டடத்தில் இயங்கிவந்தது. அதன் கணிதப் பிரிவை வளர்க்கும் பொறுப்பை, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சென்று திரும்பிய கே. சந்திரசேகரன் 1949 முதல் ஏற்றிருந்தார். உலகின் முன்னணிக் கணித அறிஞர்களை அவர் அழைத்துவந்து விரிவுரை ஆற்றச் செய்வார். ஆராய்ச்சி மாணவர்கள் அதைக் குறிப்பெடுத்து நூலாக எழுதித் தரவேண்டும். ஒரு நூலை எழுதிப் பாருங்கள், உங்களுக்கு எது புரியவில்லை என்பது உடனே புரிந்துவிடும்! இதைவிடச் சிறந்த பயிற்சி வேறு உண்டோ?

1953-இல் இலயோலாவிலிருந்து இருவர் அங்கே சென்றனர். ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்த வழக்கறிஞர் மகன், சி. எஸ். சேஷாத்திரி. மற்றவர் வட ஆர்க்காட்டுத் தண்டரை என்னும் சிற்றூரில் பிறந்த எம். எஸ். நரசிம்மன். இருவரும் 1932-இல் பிறந்தவர்கள். பம்பாயில் பயின்று, பின்னர் சில ஆண்டுகள் பாரிசிலும் இருந்து திரும்பினர். 1965-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் இன்று உலகெங்கும் ‘நரசிம்மன்-சேஷாத்திரி தேற்றம்’ என்றே வழங்குகிறது. வடிவியலில் பிறந்த அத்தேற்றம், அடிப்படைத் துகள்களின் விசைகளை விளக்கும் இயற்பியல் கொள்கைகளின் கணிதத்தோடும் பின்னாளில் நெருங்கிய உறவு கொண்டது. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

அவர்களைப் பின்பற்றி இராகவன் நரசிம்மன், சி. பி. இராமானுஜம் முதலானோரும் அதே வழியில் சென்று உலகப் புகழ் பெற்றனர். ஒரே கல்லூரி, ஒரே ஆசிரியர், சில ஆண்டுகளுக்குள் இத்தனை பேர்! நீர் நிலத்தில் எங்கும்தான் இருக்கிறது. கிணறு வெட்டிய இடத்தில்தான் அது மேலே வருகிறது. ரஸீன் செய்தது கிணறு வெட்டும் வேலை.

பெண்பிள்ளைகளுக்கு இந்த வழி எப்போது திறந்தது என்று நீங்கள் கேட்கலாம். 1948-இல் பிறந்த ஆர். பரிமளா சென்னையில் சாரதா வித்யாலயத்திலும், பின்னர் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் பயின்றார். முதுகலைக்குப் பிறகு அவரும் பம்பாய் நிலையத்திற்கே சென்று இயற்கணிதத்தில் ஆராய்ச்சி செய்தார். 1987-இல் பட்நாகர் பரிசு பெற்றார். 2010-இல் ஐதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில் முழு அவையின் முன் உரையாற்ற அழைக்கப்பட்டார். கணித மனத்திற்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை. அது சேரவேண்டிய இடத்தைக் காட்டுபவர் இருக்கிறார்களா என்பதில்தான் வேறுபாடு.

கல்கத்தாவில் கிடைத்த நண்பர்கள்

ஆசிரியரால் மட்டுமன்றி உடன் பயில்வோராலும் ஒருவரின் வாழ்க்கை திசை மாறும். 1940-இல் சென்னையில் பிறந்த எஸ். ஆர். எஸ். வரதன், பொன்னேரியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவரின் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியலில் பட்டம் பெற்று, 1959-இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிலையத்திற்குச் சென்றார். ஆலைகளில் பொருள்களின் தரத்தைப் புள்ளியியல் முறையில் கட்டுப்படுத்தும் தொழிலைக் கற்பதே அவர் எண்ணமாக இருந்தது.

அங்கே கே. ஆர். பார்த்தசாரதி, ரங்கராவ் ஆகிய மூத்த மாணவர்களைச் சந்தித்தார். பின்னர் வி. எஸ். வரதராஜனும் வந்து சேர்ந்தார். நவீன நிகழ்தகவியலைத் தமக்குத் தாமே கற்றுக்கொண்டு, ஒருவர் மற்றவருக்கு விரிவுரையாற்றி, இரவு பகலாக வாதிட்டுக்கொண்டிருந்த கூட்டம் அது. வரதன் அதில் கலந்தார். ஆலைத் தரக்கட்டுப்பாடு பின்னுக்குப் போயிற்று. சி. ஆர். ராவின் மேற்பார்வையில் 1963-இல் முனைவர் பட்டம் பெற்றார். 2007-இல், கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளுள் ஒன்றான ஏபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

அவர் கல்கத்தா சென்றது ஒரு நோக்கத்தோடு, அடைந்தது வேறொன்றை. நல்ல இடத்தின் இலக்கணம் இதுதான். நாம் தேடிப் போவதைவிடப் பெரியது ஒன்று அங்கே நம்மைத் தேடி வரும்.

வட்டம் சென்னையில் நிறைவுற்றது

மேற்சொன்ன அனைவரும் தக்க இடத்தை அடைந்தது பட்டப்படிப்பு முடிந்த பிறகுதான். பதினேழு வயதுப் பிள்ளைக்கு, பள்ளியை விட்டு வெளியே வந்த அன்றே, ஆராய்ச்சி செய்யும் அறிஞர்களிடம் பாடம் கேட்கும் வாய்ப்பு இருந்தால் என்ன? கல்கத்தா புள்ளியியல் நிலையம் 1960-லேயே இளநிலைப் புள்ளியியல் பட்டப்படிப்பைத் தொடங்கி இதற்கு ஒரு வழி காட்டியிருந்தது.

சென்னையில் இதைச் செய்து காட்டியவர் ரஸீனின் மாணவரான சேஷாத்திரிதான். பம்பாயிலிருந்து 1984-இல் சென்னைக்குத் திரும்பிய அவர், 1989-இல் ஸ்பிக் நிறுவனத்தின் ஆதரவுடன் தியாகராய நகரில் சிறியதொரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். 1998-இல் அது ‘சென்னைக் கணிதவியல் நிலையம்’ என்ற பெயருடன், கணிதமும் கணினி அறிவியலும் இணைந்த இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதில் ஒரு வேடிக்கை பாருங்கள்! தொடக்க ஆண்டுகளில் சென்னையில் நடந்த அப்படிப்புக்குப் பட்டம் வழங்கியது மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இராமானுஜன் காலத்தைப் போலவே இங்கும் படிப்புக்கும் பட்டத்துக்கும் இடையே விதிகளின் இடைவெளி இருந்தது. அதைக் கடக்க மீண்டும் ஒரு சுற்றுவழி தேவைப்பட்டது. 2005-இல் நிலையம் சிறுசேரிக்கு இடம்பெயர்ந்தது. 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றுத் தானே பட்டம் வழங்கலாயிற்று.

ரஸீன் பாரிசிலிருந்து இலயோலாவுக்கு வந்தார். இலயோலா மாணவர் பம்பாய்க்கும் பாரிசுக்கும் சென்று, சென்னைக்குத் திரும்பி நிலையம் அமைத்தார். அந்நிலையத்தின் சிறந்த மாணவர்கள் பாரிசுக்குச் சென்று பயில உடன்பாடும் ஏற்பட்டது. இரஸீன் 1976-இலும், சேஷாத்திரி 2020-இலும், நரசிம்மன் 2021-இலும் மறைந்துவிட்டனர். அவர்கள் வெட்டிய வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

2000-இல் இந்தியப் புள்ளியியல் நிலையம் தன் பெங்களூர்க் கிளையில் இளநிலைக் கணிதப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2006 முதல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையங்களும், பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்தில் 2011-இல் தொடங்கிய இளநிலைப் பட்டப்படிப்பும் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு மேலும் வாயில்களைத் திறந்தன.

சுரமானி சொல்லும் பாடம்

இயற்பியல் ஆய்வகத்தில் சுரமானிச் சோதனையைச் செய்திருப்பீர்கள். கம்பியின் மேல் ஒரு சிறு காகிதத் துண்டை மடித்து வைக்கிறோம். இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின் மேல் ஊன்றுகிறோம். காகிதம் அசைவதில்லை. இன்னும் ஓங்கித் தட்டுகிறோம், அப்போதும் பயனில்லை. கம்பியின் நீளத்தை மெல்ல மாற்றிக்கொண்டே வருகிறோம். ஒரு குறிப்பிட்ட நீளத்தில் கம்பியின் அதிர்வெண்ணும் கவையின் அதிர்வெண்ணும் ஒன்றாகின்றன. மெல்லத் தட்டினாலே போதும், காகிதம் துள்ளி விழுகிறது! இதுவே ஒத்ததிர்வு.

கல்லூரியின் பெரும்புகழ் ஓங்கித் தட்டும் ஓசையைப் போன்றது. பிள்ளையின் மனத்தோடு ஒத்ததிராவிடில் அப்புகழால் பயனில்லை. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. அங்குள்ள ஆசிரியர்களில் கணிதத்தைக் கற்பிப்பதோடு தாமும் ஆராய்பவர் எத்தனை பேர்? நூலகத்தின் அலமாரிகளில் மாணவர் தாமே நூல் எடுக்க இயலுமா? இரண்டு ஆண்டுகள் மூத்த மாணவர்கள் ஓய்வு நேரத்தில் எதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்? படிப்பை முடித்தவர்கள் எங்கே சென்றார்கள்? கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் இவற்றை விசாரியுங்கள்.

நுழைவு முறையையும் அறிந்துகொள்ளுங்கள். சென்னைக் கணிதவியல் நிலையமும் இந்தியப் புள்ளியியல் நிலையமும் தத்தம் நுழைவுத் தேர்வுகளை நடத்துகின்றன. வினாக்கள் பள்ளிப் பாடத்தின் எல்லையை அதிகம் தாண்டுவதில்லை. ஆனால் சூத்திரத்தில் எண்ணைப் பொருத்தினால் விடை வந்துவிடாது. “ஏன் இப்படி? நிறுவுக” என்பதே அவற்றின் போக்கு. பழைய வினாத்தாள்கள் செலவின்றிக் கிடைக்கின்றன. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கணித ஒலிம்பியாடு வினாக்களைப் போட்டுப் பழகுவது நல்ல ஆயத்தம். ஒரு வினாவோடு மூன்று நாள் போராடுவதில் வெட்கமில்லை, அதுதான் கணிதம். தமிழ் வழியில் பயின்ற பிள்ளைகள் வினாத்தாளின் ஆங்கிலத்தைக் கண்டு மருள வேண்டாம். கணிதத்தின் ஆங்கிலம் சில நூறு சொற்களில் அடங்கும். ஓராண்டு பழகினால் போதும். இராமானுஜன் ஆங்கிலத்தில் தவறியது அவருக்கு அறிவு போதாததால் அன்று என்பதை நினைவில் வையுங்கள். அதே சமயம், அதைக் கவனியாமல் விட்டதற்கு அவர் கொடுத்த விலையையும் நினைவில் வையுங்கள்.

“இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?” என்று தந்தையர் கேட்பது நியாயமே. வயிற்றுப்பாட்டை மறந்து கணிதம் செய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கணிதம் நன்கறிந்தவருக்குக் கல்லூரி, ஆராய்ச்சிக் கூடங்கள் மட்டுமன்றி, கணினித் துறை, வங்கி, காப்பீடு எனப் பல துறைகளில் இடம் உண்டு. பொறியியலில் மனம் தோயும் பிள்ளை பொறியியல் படிக்கட்டும். கணிதத்தில் மனம் தோயும் பிள்ளையை, கேள்வியே கேட்காமல் பொறியியலுக்கு அனுப்பிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

காலம் தவறிய பதில்

என் வீட்டுக்கு வந்த பையனின் கதையை இன்னும் முடிக்கவில்லை. அன்று அவனுடைய புள்ளிச் சதுரத்தைப் பார்த்ததும், “இவனைச் சென்னைக் கணிதவியல் நிலையத்தின் தேர்வு எழுதச் செய்யுங்கள்” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அத்தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் காலம், பிள்ளைகள் பொதுத்தேர்வில் மூழ்கியிருக்கும் நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்தபோது, அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. 1904-இல் கதவை மூடியது விதி. சென்ற ஆண்டு மூடியது எவரும் சொல்லாமை.

எனக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. எங்கள் ஊரிலிருந்து நேரடிப் பேருந்து செல்லும் கல்லூரி என்பதற்காகவே நான் படித்த கல்லூரியில் சேர்ந்தேன். அப்போது சென்னையில் இப்படியொரு நிலையம் பல ஆண்டுகளாக இயங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது, என் ஆசிரியர்களுக்கும் தெரியாது. இயற்பியலில் நான் நிறைவாகவே இருக்கிறேன். ஆயினும், தெரிந்து விட்டது வேறு. தெரியாமல் இழந்தது வேறு.

பையன் அருகிலுள்ள கல்லூரியில் இளநிலைக் கணிதம் சேர்ந்திருக்கிறான். வழி அடைபட்டுவிட்டதா? இல்லை. 1993-இல் பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கிய கோடைக்காலக் கணிதப் பயிற்சி முகாம்கள், சாதாரணக் கல்லூரி மாணவர்களையும் தேர்ந்தெடுத்து, நான்கு வாரங்கள் ஆராய்ச்சியாளர்களோடு அமர்ந்து சிந்திக்கப் பழக்கியிருக்கின்றன. முதுகலைப் படிப்புக்கும் மேற்சொன்ன நிலையங்கள் தேர்வு நடத்துகின்றன. அவன் அதற்கு ஆயத்தமாகிறான். சனிக்கிழமைகளில் குறிப்பேட்டுடன் என் வீட்டுக்கு வருகிறான். பல சமயம் அவன் கேட்பதற்கு எனக்கு விடை தெரிவதில்லை. விடை தெரிந்தவர் இருக்கும் இடத்தை அவனுக்குச் சொல்லிவிட்டேன். ஓர் ஆசிரியனால் ஆவது அதுதான்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் அல்லது வகுப்பில் ‘ஏன்?’ என்று கேட்கும் பிள்ளை ஒன்று இருந்தால், அது பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே இச்செய்தியைச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.